வெர்மான்ட் யாங்கி அணுமின் நிலையமும் உரிம நீட்டிப்புப் போராட்டமும்

வெர்மான்ட் யாங்கி அணுமின் நிலையம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1972 முதல் 2014 வரை இயங்கியது. அதன் நாற்பதாண்டு உரிமம் 2012 மார்ச் 21 அன்று முடிய இருந்தது. மேலும் இருபது ஆண்டுகள் இயங்க நிறுவனம் இசைவு கேட்டபோது சுற்றுவட்டார மக்கள் எழுப்பிய பாதுகாப்புக் கேள்விகள், அமெரிக்க அணுமின் வரலாற்றில் நீண்டதொரு சட்டப் போராட்டமாக வளர்ந்தன. மாநில மேலவை வாக்களித்து ஓர் அணு உலையின் நீட்டிப்பை மறுத்தது இங்கேதான். அந்த மறுப்பு நீதிமன்றத்தில் செல்லாமற்போனது. இருந்தும் நிலையம் மூடப்பட்டது. மூடப்பட்டதற்கான காரணம் மக்கள் சொன்ன காரணம் அல்ல என்பதால்தான் இந்த வரலாறு இன்றும் பேசப்படுகிறது.

இடமும் ஊரும்

நிலையம் அமைந்த வெர்னன், வெர்மான்டின் தென்கிழக்கு மூலையில் கனெக்டிகட் ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள சிற்றூர். மக்கள் தொகை சுமார் 2,200. ஆற்றின் மறுகரை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம். தெற்கே சில மைல்கள் சென்றால் மாசசூசெட்ஸ் எல்லை. ஆறு முழுவதும் நியூ ஹாம்ப்ஷயருக்கே உரியது என்று 1933 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே வெர்மான்ட் மண்ணில் நின்ற நிலையம், தன்னைக் குளிர்விக்க அண்டை மாநிலத்தின் ஆற்று நீரை எடுத்துச் சூடாகத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தது.

விபத்து நேர்ந்தால் வெளியேற்றத் திட்டம் செயற்பட வேண்டிய பத்து மைல் வட்டத்தில் மூன்று மாநிலங்களின் ஊர்கள் இருந்தன. வெர்மான்டின் பிராட்டில்பரோ, கில்ஃபோர்டு, நியூ ஹாம்ப்ஷயரின் ஹின்ஸ்டேல், மாசசூசெட்ஸின் நார்த்ஃபீல்டு, பெர்னார்ட்ஸ்டன் போன்றவை அவற்றுள் சில. ஆனால் வரி வருவாய் வெர்னன் ஊருக்குத்தான் வந்தது. நிலையத்தில் ஏறத்தாழ 600 பேர் வேலை பார்த்தார்கள். ஊரின் தொடக்கப் பள்ளி நிலையத்தின் வாயிலுக்கு மிக அருகில் இருந்தது. வெர்னன்வாசிகளில் பெரும்பாலோர் நிலையத்தை ஆதரித்தனர். ஐந்தாறு மைல் வடக்கே உள்ள பிராட்டில்பரோ எதிர்ப்பின் மையமாக இருந்தது. பிற்காலத்தில் இந்தப் போராட்டத்தை "வெர்மான்ட் மக்கள் எதிர் நிறுவனம்" என்று சுருக்கிச் சொன்னவர்கள் இந்தப் பிளவைக் கவனிக்கத் தவறினார்கள்.

உலையின் வகை

இது ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வடிவமைத்த கொதிநீர் உலை. உலைக்குள்ளேயே நீர் கொதித்து, அந்த நீராவியே நேரடியாகச் சுழலியை இயக்கும். உலையைச் சுற்றிய காப்புக் கூடு 'மார்க் 1' எனப்படும் வகை. தலைகீழ் மின்குமிழ் போன்ற எஃகுக் கூடும், அதன் அடியில் வளையமாகச் சுற்றிய நீர்த்தொட்டியும் கொண்டது. விபத்தில் வெளிப்படும் நீராவி அந்தத் தொட்டி நீரில் பாய்ந்து குளிர்ந்துவிடும் என்பதால், கூட்டைச் சிறியதாகவும் குறைந்த செலவிலும் கட்ட முடிந்தது.

சிறிய கூடு என்பதே அதன் குறையும் ஆனது. 1972 ஆம் ஆண்டில், அதாவது வெர்மான்ட் யாங்கி மின் உற்பத்தியைத் தொடங்கிய அதே ஆண்டில், அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் பாதுகாப்பு அதிகாரி ஸ்டீஃபன் ஹனாவர் இவ்வகைக் கூடுகளை இனி ஏற்க வேண்டாம் என்று உள்குறிப்பு எழுதினார். ஆலோசனை ஏற்கப்படவில்லை. இவ்வகை ஏற்கெனவே பல இடங்களில் ஏற்கப்பட்டுவிட்டதால், இப்போது மாற்றினால் அணுமின் துறையே ஆட்டம் காணும் என்ற கவலையே மேலோங்கியது. 1976 இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் மூன்று பொறியாளர்கள் வேலையை விட்டு விலகி, அணுமின் துறையின் பாதுகாப்புக் குறைகளைப் பொதுவெளியில் பேசினார்கள். 1989 இல் ஒழுங்காற்று ஆணையம் இக்கூடுகளில் அழுத்தத்தை வெளியேற்றும் வலுவான குழாய்களைப் பொருத்தச் சொன்னது. பயன்படுத்திய எரிபொருளை வைக்கும் நீர்க்குளம் இந்த வகையில் உலைக் கட்டடத்தின் மேல் பகுதியில், காப்புக் கூட்டுக்கு வெளியே அமைந்திருந்தது. இந்த இரண்டு செய்திகளும், சிறிய கூடும் உயரத்தில் இருக்கும் குளமும், நீட்டிப்பை எதிர்த்தவர்களின் வாதங்களில் திரும்பத் திரும்ப வந்தன.

நாற்பது ஆண்டு என்ற கணக்கு

அமெரிக்காவில் அணு உலைக்கு நாற்பதாண்டு உரிமம் என்பது 1954 ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் வகுத்த வரம்பு. எஃகும் கான்கிரீட்டும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கணக்கிட்டு வந்த எண் அல்ல அது. முதலீட்டை எடுக்கப் போதுமான காலம், ஒரே நிறுவனம் நெடுங்காலம் ஆதிக்கம் செலுத்தாதிருக்க ஒரு வரம்பு ஆகிய பொருளாதாரக் காரணங்களிலிருந்து வந்தது. நீட்டிப்பை ஆதரித்தவர்கள் இதையே சுட்டிக்காட்டி, நாற்பது முடிந்தால் உலை முடிந்தது என்று பொருளில்லை என்றார்கள். அது சரியான வாதம். ஆனால் நாற்பதைக் கணக்கில் கொண்டுதான் பல பாகங்கள் வடிவமைக்கப்பட்டன என்ற மறுவாதமும் சரியானதே.

உலை முதுமை அடைவது பல வழிகளில். நியூட்ரான்கள் இடைவிடாமல் தாக்குவதால் உலைக்கலனின் எஃகு நொறுங்கும் தன்மை பெறுகிறது. சூடாவதும் குளிர்வதும் மாறி மாறி நடப்பதால் உலோகம் களைப்படைகிறது. வேகமாகப் பாயும் சுடுநீர் குழாயின் உட்சுவரை மெல்ல மெல்ல அரிக்கிறது. இந்தக் கடைசி வகை அரிப்பால் 1986 இல் வர்ஜீனியாவின் சர்ரி நிலையத்தில் குழாய் வெடித்து நால்வர் இறந்தனர். 2004 இல் ஜப்பானின் மிஹாமா நிலையத்தில் ஐவர் இறந்தனர். இரண்டிலும் கதிரியக்கம் இல்லாத சுடுநீரும் நீராவியுமே உயிர்களைப் பறித்தன. பல பத்தாண்டுகள் ஓடிய குழாயை யார், எப்போது, எந்த இடத்தில் அளந்து பார்த்தார்கள் என்ற கேள்வி எவ்வளவு அடிப்படையானது என்பதை அவை காட்டின.

உரிம நீட்டிப்புக்கான விதிகளை அணுக்கரு ஒழுங்காற்று ஆணையம் 1991 இல் வகுத்து, 1995 இல் திருத்தியது. திருத்திய விதி ஆய்வின் எல்லையைக் குறுக்கியது. அசையாத, நீண்டகாலப் பாகங்களின் முதுமையை நிறுவனம் எப்படிக் கண்காணிக்கும் என்பதே கேள்வி. வெளியேற்றத் திட்டம், பயங்கரவாதத் தாக்குதல், பயன்படுத்திய எரிபொருள் ஆகியவை அன்றாட ஒழுங்குமுறையில் ஏற்கெனவே கவனிக்கப்படுகின்றன, அல்லது எல்லா நிலையங்களுக்கும் பொதுவானவை என்று சொல்லி நீட்டிப்பு விசாரணைக்கு வெளியே வைக்கப்பட்டன. ஊர்மக்களுக்கு எது அதிகம் அச்சம் தந்ததோ அதுவே விசாரணையில் கேட்க முடியாத கேள்வியாகிவிட்டது. பின்னர் நடந்த கசப்புகளில் பலவற்றுக்கு வேர் இந்த விதியில் இருக்கிறது.

கைமாற்றமும் வாக்குறுதியும்

தொடக்கத்தில் நிலையம் நியூ இங்கிலாந்து மின் நிறுவனங்களின் கூட்டு உடைமையாக இருந்தது. 2002 இல் லூசியானாவைத் தலைமையிடமாகக் கொண்ட என்டர்ஜி நிறுவனம் அதை 18 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த விற்பனைக்கு மாநிலத்தின் இசைவு தேவைப்பட்டது. அதற்காக நிறுவனம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது: 2012 மார்ச் 21 க்குப் பின் இயங்க வேண்டுமானால் மாநிலப் பொதுச் சேவை வாரியத்திடம் பொதுநலச் சான்றிதழ் பெறுவோம், அந்த அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்று பின்னர் வாதிட மாட்டோம். வெர்மான்ட்காரர்கள் இதை நெடுநாள் நினைவில் வைத்திருந்தார்கள்.

வாங்கிய கையோடு நிறுவனம் உலையின் ஆற்றலை 20 விழுக்காடு கூட்ட விண்ணப்பித்தது. முப்பது ஆண்டு ஓடிய உலையை முன்பைவிட வேகமாக ஓட்டுவதா என்ற கேள்வி உடனே எழுந்தது. 2004 ஏப்ரலில், பயன்படுத்திய எரிபொருள் கோல்களின் இரண்டு துண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று தெரியவந்தது. சில மாதங்கள் கழித்து அவை அதே குளத்திலேயே வேறொரு கலத்தில் கண்டெடுக்கப்பட்டன. வெளியே எதுவும் போகவில்லை. ஆனாலும் பதிவேடுகள் மீதான நம்பிக்கை குலைந்தது. அதே ஆண்டு ஜூனில் மின்மாற்றியில் தீப்பிடித்தது. ஆற்றல் உயர்வுக்கு 2006 மார்ச்சில் இசைவு கிடைத்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, அவ்வாண்டு ஜனவரியில், இருபதாண்டு நீட்டிப்புக்கான விண்ணப்பமும் தாக்கல் செய்யப்பட்டிருந்தது.

வெர்மான்ட் சட்டமன்றம் 2006 இல் சட்டம் 160 ஐ நிறைவேற்றியது. சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஒப்பினாலன்றி வாரியம் சான்றிதழ் வழங்கக் கூடாது என்பது அதன் சாரம். வேறெந்த அமெரிக்க மாநிலமும் தன் சட்டமன்றத்துக்கு இப்படியோர் அதிகாரத்தைக் கொடுத்துக்கொண்டதில்லை.

விசாரணையும் அதன் எல்லையும்

1971 முதல் இயங்கிவந்த 'நியூ இங்கிலாந்து கூட்டணி' என்ற குடிமக்கள் அமைப்பு நீட்டிப்பு விசாரணையில் முறைப்படி எதிர்வாதியாகச் சேர்ந்தது. வெர்மான்ட் அரசின் பொதுச் சேவைத் துறையும் மாசசூசெட்ஸ் தலைமை வழக்குரைஞரும் தனித்தனியே வந்தனர். மாசசூசெட்ஸ் எழுப்பியது எரிபொருள் குளத்தைப் பற்றிய கேள்வி: நீர் வடிந்துபோனால் நெருக்கமாக அடுக்கப்பட்ட எரிபொருள் தீப்பற்றும் வாய்ப்பு உண்டல்லவா? அது எல்லா நிலையங்களுக்கும் பொதுவான விஷயம், இந்த விசாரணையில் பேச இயலாது என்று ஆணையம் தள்ளியது. 2008 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

விசாரணைக்கு ஏற்கப்பட்டவை உலோகக் களைப்பு, நீராவி உலர்த்தியின் விரிசல், குழாய் அரிப்பு போன்ற தொழில்நுட்பக் கேள்விகள். சாதாரண ஊர்வாசி ஒருவரால் இவற்றில் வாதாட முடியாது. வல்லுநரை அமர்த்த வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். அப்படியிருந்தும் எதிர்வாதிகள் ஓரிடத்தில் வென்றார்கள். 2008 நவம்பரில், உலோகக் களைப்பு பற்றி நிறுவனம் செய்த கணக்கீடு போதாது, முக்கியமான பாகங்களுக்கு மறுபடி செய்ய வேண்டும் என்று உரிம வாரியம் தீர்ப்பளித்தது. நீட்டிப்பு விசாரணைகளில் எதிர்த்தரப்பு இப்படிச் சிறிதளவேனும் வெல்வது அரிது. அதற்கு முந்தைய ஆண்டு ஆணையத்தின் சொந்தத் தணிக்கைப் பிரிவே, நீட்டிப்பு ஆய்வறிக்கைகளின் சில பகுதிகள் நிறுவனங்களின் விண்ணப்ப வாசகங்களை ஏறத்தாழ அப்படியே எடுத்து எழுதியவை என்று கண்டறிந்திருந்தது.

2007 ஆகஸ்டில் நடந்த நிகழ்ச்சிக்கு எந்த வல்லுநரும் தேவைப்படவில்லை. நிலையத்தின் மேற்குக் குளிர்விப்புக் கோபுரத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அந்தக் கோபுரங்களின் சட்டகம் மரத்தால் ஆனது. உடைந்த பெருங்குழாயிலிருந்து நீர் கொட்டும் படம் வெளியாகி எங்கும் பரவியது. அது உலைப் பாதுகாப்போடு தொடர்புடைய பகுதி அல்ல என்று ஆணையம் விளக்கியது, விளக்கம் உண்மையே. ஆனால் கண்ணுக்கு முன்னால் நிற்கும் மரத்தூண் உளுத்தது தெரியாமல் போனதென்றால், மண்ணுக்கடியில் இருப்பதை எப்படிக் கவனிப்பார்கள் என்று மக்கள் கேட்டார்கள். அடுத்த இரண்டரை ஆண்டுகளில் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது.

ட்ரிட்டியம்

2010 ஜனவரியில், நிலைய வளாகத்தில் இருந்த ஒரு கண்காணிப்புக் கிணற்றின் நீரில் ட்ரிட்டியம் இருப்பதாக நிறுவனம் அறிவித்தது. ட்ரிட்டியம் ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள். அது நீர் மூலக்கூறின் பகுதியாகவே ஆகிவிடுவதால் வடிகட்டிப் பிரிக்க முடியாது. நீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுவே.

குடிநீரில் லிட்டருக்கு 20,000 பிகோகியூரி வரை இருக்கலாம் என்பது அமெரிக்க வரம்பு. பிப்ரவரியில் ஒரு கிணற்றில் அளவு 20 இலட்சத்தைத் தாண்டியது. உலையின் கழிவு வாயுக்களைக் கையாளும் அமைப்பின் நிலத்தடிக் குழாய்ச் சுரங்கத்தில் ஒழுக்கு கண்டுபிடிக்கப்பட்டது. அரித்துப்போன குழாயிலிருந்து கசிந்த நீர், சுரங்கத்தின் வடிகால் அடைபட்டிருந்ததால் தேங்கி, பின்பு மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அந்தக் கிணறுகள் யாரும் குடிக்கும் கிணறுகள் அல்ல. பொதுமக்களின் உடல்நலத்துக்குத் தீங்கில்லை என்று ஆணையம் கூறியது. 2011 கோடையில் கரையோர ஆற்றுநீர் மாதிரி ஒன்றிலும் சிறிதளவு ட்ரிட்டியம் தென்பட்டது.

நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தது ஒழுக்கைவிடப் பழையதொரு பதில். 2008 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி மாநிலம் நிலையத்தின் நம்பகத்தன்மையை ஆராய ஏற்பாடு செய்தது. பாதுகாப்பு என்ற சொல்லை மாநிலம் தொட முடியாது என்பதால் 'நம்பகத்தன்மை' என்று பெயரிட்டார்கள். ஆய்வும் அதைக் கண்காணித்த குழுவும், சில குறைகளைச் சரிசெய்தால் நிலையம் 2012 க்குப் பின்னும் நம்பகமாக இயங்கலாம் என்ற கருத்தையே சொல்லின. அந்த ஆய்வின்போது, கதிரியக்க நீர் ஓடும் நிலத்தடிக் குழாய்கள் உண்டா என்று கேட்கப்பட்டதற்கு, அப்படி எதுவும் இல்லை என்ற பொருளில் நிறுவனத் தரப்பு பதிலளித்திருந்தது. இப்போது அந்தக் குழாயே ஒழுகியது. தவறான புரிதலால் நேர்ந்தது என்று நிறுவனம் விளக்கி, சில அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுத்தது. மாநிலத் தலைமை வழக்குரைஞர் நீண்ட விசாரணைக்குப் பின் 2011 ஜூலையில் குற்ற வழக்குத் தொடர ஆதாரம் போதாது என்று முடித்தார்.

2010 பிப்ரவரி 24 அன்று வெர்மான்ட் மேலவை கூடியது. நீட்டிப்புக்கு எதிராக 26 வாக்குகள், ஆதரவாக 4. நீட்டிப்பை முன்பு ஆதரித்த கட்சியினரும் எதிர்த்து வாக்களித்ததற்குக் குழாய்களைப் பற்றிய அந்தப் பதிலே முதன்மைக் காரணம். தன் பழைய உலைகளைத் தனி நிறுவனமாகப் பிரித்து, பெருங்கடனையும் அதன் தலையில் ஏற்ற என்டர்ஜி அக்காலத்தில் வகுத்திருந்த திட்டமும் ஐயத்தைக் கூட்டியது. நாளை உலையைப் பிரித்துத் துப்புரவு செய்யப் பணம் யார் தருவார் என்பது பொருளாதாரக் கேள்விதான். அதைக் கேட்க மாநிலத்துக்கு உரிமையும் இருந்தது. மேலவையில் இந்த வாக்கெடுப்பை முன்னின்று நடத்திய பீட்டர் ஷம்லின் அவ்வாண்டு நவம்பரில் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஊர்க்கூட்டங்களும் சாலை மறியல்களும்

வெர்மான்டில் ஆண்டுதோறும் மார்ச் முதல் செவ்வாயன்று ஊர்மக்கள் ஒரே கூடத்தில் கூடி, பனி அகற்றும் வண்டி வாங்குவது முதல் பள்ளிச் செலவு வரை கையுயர்த்தி முடிவு செய்வது பழைய வழக்கம். இந்த ஊர்க்கூட்டங்களில் பல, நிலையத்தை 2012 இல் மூட வேண்டும் என்று தீர்மானம் இயற்றின. இவற்றுக்குச் சட்ட வலிமை இல்லை. ஆனால் அந்தக் கூடங்களில் பேசியவர்கள் அடுத்த தேர்தலிலும் வாக்களிப்பவர்கள் என்பது சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தெரியும். வெளியேற்றத் திட்டமும் இத்தகைய கூட்டங்களில் பேசப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளை யார் பேருந்தில் ஏற்றுவது, பனிக்காலத்தில் இருவழிச் சாலைகளில் எத்தனை வண்டி போகும் போன்ற கேள்விகள், விசாரணை மன்றத்தில் இடமில்லாதவை, இங்கே இடம் பெற்றன. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வீசியபோது பிராட்டில்பரோவிலிருந்து மேற்கே செல்லும் சாலை உட்பட அந்த வட்டாரத்தின் பல சாலைகளும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. காகிதத் திட்டத்துக்கும் நிலவரத்துக்கும் உள்ள தூரத்தை அந்தப் புயல் ஒரே நாளில் காட்டியது.

முதிய பெண்கள் பலரைக் கொண்ட 'மூடிவிடு' என்ற குழு நிலைய வாயிலிலும் நிறுவன அலுவலகத்திலும் அமர்ந்து பலமுறை கைதானது. பழைய உரிமம் முடிந்த மறுநாள், 2012 மார்ச் 22 அன்று, பிராட்டில்பரோவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊர்வலம் சென்றனர். 130 பேருக்கு மேல் கைது செய்யப்பட்டனர். மாசசூசெட்ஸைச் சேர்ந்த அமைதி ஆர்வலர் ஃப்ரான்சஸ் க்ரோவும் அவர்களில் ஒருவர்; அப்போது அவருக்கு வயது 93. வெர்மான்ட் மேலவையில் வாக்கில்லாத மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் ஊர்மக்களுக்கு இத்தகைய போராட்டங்களே குரல் கொடுக்கும் வழியாக இருந்தன.

ஃபுகுஷிமா

2011 மார்ச் 10 அன்று, வெர்மான்ட் யாங்கிக்கு இருபதாண்டு நீட்டிப்பு வழங்கத் தடையில்லை என்று ஒழுங்காற்று ஆணையம் அறிவித்தது. அதுவரை அறுபதுக்கும் மேற்பட்ட உலைகளுக்கு ஆணையம் நீட்டிப்பு கொடுத்திருந்தது, ஒன்றைக்கூட மறுக்கவில்லை. அறிவிப்பு வந்த இரவே, வெர்மான்ட் நேரப்படி நள்ளிரவு கடந்து முக்கால் மணி நேரத்தில், ஜப்பானின் வடகிழக்குக் கடலில் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஃபுகுஷிமா டாய்இச்சி நிலையத்தில் உருகிய மூன்று உலைகளும் ஜெனரல் எலக்ட்ரிக் வடிவமைப்பு, மார்க் 1 காப்புக் கூடு கொண்டவை. அவற்றில் முதல் உலை 1971 இல் தொடங்கியது. அதற்கு அந்தப் பிப்ரவரியில்தான் பத்தாண்டு நீட்டிப்பு கொடுக்கப்பட்டிருந்தது.

வெர்மான்டில் கடலோ ஆழிப்பேரலையோ இல்லை என்று நிறுவனம் சொன்னது. மக்கள் கேட்டது அலையைப் பற்றி அல்ல. மின்சாரம் முழுவதும் நின்றுபோனால் இந்தக் கூடும், உயரத்தில் இருக்கும் இந்தக் குளமும் என்ன ஆகும் என்பதே அவர்களின் கேள்வி. நீட்டிப்பு விசாரணையின் கதவு அதற்குள் சாத்தப்பட்டுவிட்டது. மார்ச் 21 அன்று, 2032 வரை செல்லும் புதிய உரிமம் வழங்கப்பட்டது.

பேசக்கூடாத சொல்

2011 ஏப்ரலில் என்டர்ஜி மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2002 இல் கொடுத்த வாக்குறுதி வாரியத்துக்குக் கட்டுப்படுவோம் என்பதுதான். 2006 இல் சட்டமன்றம் அந்த அதிகாரத்தைத் தன் கையில் எடுத்ததால் ஒப்பந்தமே மாறிவிட்டது என்று வாதிட்டது. ஆனால் வழக்கின் மையம் வேறு. கதிரியக்கப் பாதுகாப்பை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நடுவண் அரசுக்கு மட்டுமே உரியது. மின்சாரத் தேவை, விலை, நிலப் பயன்பாடு போன்றவற்றை மாநிலங்கள் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1983 இல் கலிஃபோர்னியா வழக்கொன்றில் வகுத்திருந்தது. எனவே வெர்மான்ட் சட்டமன்றம் எந்தக் காரணத்துக்காக மறுத்தது என்பதே கேள்வியானது.

சட்டமன்றக் குழுக் கூட்டங்களின் ஒலிப்பதிவுகள் நீதிமன்றத்துக்கு வந்தன. பாதுகாப்பு என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்று உறுப்பினர்களுக்கு ஆலோசகர்கள் நினைவூட்டியதும், அதற்கு வேறு சொல் தேடியதும் அவற்றில் பதிவாகியிருந்தன. 2012 ஜனவரி 19 அன்று நீதிபதி கார்வன் மர்த்தா, சட்டம் 160 பாதுகாப்பு அக்கறையிலிருந்தே பிறந்தது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தார். 2013 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த முடிவின் முதன்மைப் பகுதியை உறுதி செய்தது.

தீர்ப்பு சட்டப்படி வியப்புக்குரியதல்ல. ஆனால் அதன் விளைவு விசித்திரமானது. நடுவண் விசாரணையில் ஊர்மக்களின் முதன்மையான அச்சங்கள் வரம்புக்கு வெளியே என்று தள்ளப்பட்டன. மாநில மன்றத்தில் அதே அச்சங்களைச் சொன்னதால் சட்டம் விழுந்தது. அவற்றைக் கேட்டு முடிவு சொல்லும் மன்றம் எங்குமே இல்லாமற்போனது.

மூடலும் அதன் பின்னும்

மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்து இரு வாரங்களுக்குள், 2013 ஆகஸ்ட் 27 அன்று, வென்ற நிறுவனமே நிலையத்தை மூடப்போவதாக அறிவித்தது. இயற்கை எரிவாயு மலிந்ததால் மின்சாரத்தின் மொத்த விலை வீழ்ந்துவிட்டது. ஒற்றை உலை கொண்ட சிறு நிலையத்தைப் பராமரிக்கும் செலவு கட்டுபடியாகவில்லை என்பது காரணம். போராட்டமும் வழக்கும் சேர்த்த செலவும் பங்களித்தது என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள், நிறுவனம் ஒப்பவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் மாநிலமும் நிறுவனமும் உடன்பாடு கண்டன. 2014 டிசம்பர் 29 அன்று உலை நிறுத்தப்பட்டது.

வெர்னன் ஊர் உடனே அடிவாங்கியது. மூடலுக்கு முன்னரே ஊர் தன் காவல் துறையைக் கலைக்க வாக்களித்தது. வேலை இழந்தவர்கள் பலர் குடும்பத்தோடு வெளியேறினார்கள். 2015 இல் நியூ இங்கிலாந்தின் மின் உற்பத்தியில் எரிவாயுவின் பங்கு கூடி, கரிம வெளியேற்றமும் உயர்ந்தது. நிலையத்தை ஆதரித்தவர்கள் எச்சரித்தது இதைத்தான். எதிர்த்தவர்களில் எல்லோரும் இதற்கு நேர்மையாக முகங்கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது.

உலையைப் பிரிப்பதை அறுபது ஆண்டு வரை தள்ளிப்போட நடுவண் விதி இடம் கொடுத்தது. நிதி வளரும் வரை காத்திருப்பதே முதல் திட்டம். பின்னர் 2019 ஜனவரியில் நிலையம் நார்த்ஸ்டார் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பணியை 2030 க்குள் முடிப்பதாக ஏற்று, அது கட்டடங்களை இடிக்கத் தொடங்கியது. உலைக்கலனை நீருக்கடியில் துண்டுகளாக வெட்டினார்கள். கதிரியக்கக் கழிவுகள் இரயிலில் டெக்சாஸுக்குச் சென்றன.

பயன்படுத்திய எரிபொருள் மட்டும் எங்கும் செல்லவில்லை. 1982 ஆம் ஆண்டுச் சட்டப்படி 1998 ஜனவரி முதல் நடுவண் அரசு அதை எடுத்துச் செல்லத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கென 1987 இல் தேர்ந்தெடுத்த நெவாடாவின் யக்கா மலைத் திட்டம், வெர்மான்ட் மேலவை வாக்களித்த 2010 இலேயே கைவிடப்பட்டது. குளத்தில் இருந்த எரிபொருள் முழுவதும் 2018 ஆகஸ்டுக்குள் எஃகும் கான்கிரீட்டும் கொண்ட 58 உலர் பெட்டகங்களுக்கு மாற்றப்பட்டது. அவை வெர்னனில், ஆற்றங்கரையோரம், காவலுடன் நிற்கின்றன. அவற்றைக் கொண்டுபோக எந்தத் தேதியும் குறிக்கப்படவில்லை.